‘காணாது’ பிழையான சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘காசு காணாது’ என்று கட்டுரையில் எழுதும் பிள்ளைக்குச் சில ஆசிரியர்கள் அதை வெட்டிப் ‘போதாது’ எனத் திருத்திக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பந்தியில் சோறு போடும்போது ‘காணும், காணும்’ என்று கையால் மறிப்பதும், சொதியைச் சுவைத்து ‘உப்புக் காணாது’ என்பதும், காணாக்குறைக்கு மழையும் வந்துவிட்டதெனச் சலித்துக்கொள்வதும் யாழ்ப்பாணத்தில் நாளாந்தப் பேச்சு. ‘பணம் காணாது’ என்றால் தமிழகத்து வாசகர் பணம் தொலைந்துவிட்டதென்று கொள்ளக்கூடும் என்பது உண்மையே. ஆனால், தொலைந்த பொருளை நாம் ‘காணேல்லை’ என்போமேயன்றி ஒருபோதும் ‘காணாது’ என்பதில்லை. (அவர்களுடைய ‘பத்தாது’ மட்டும் திரைப்படங்களின் தயவால் இங்கு எல்லோருக்கும் விளங்குகிறது.) பொதுத்தமிழில் ‘போதாது’ எழுதப் பழக்குவது நன்று, அதற்காகக் ‘காணாது’ என்பதைப் பிழையென்று அடிக்காமல், வட்டார வழக்கு என ஓரத்தில் குறித்துவிடலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.