செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: ஐ.எல்.டி. நோயாளர் குடும்பத்தார் நலச் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. மழையால் நவம்பர்க் கூட்டம் மட்டும் நின்றது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஐ.எல்.டி. என்பது நுரையீரலில் தழும்பு விழுந்து தடித்துப்போகும் நோய். புதிதாகச் சேரும் குடும்பங்களின் முதல் கேள்வி இந்த ஆண்டும் மாறவில்லை: "உட்கார்ந்திருக்கும்போது ரத்த ஆக்சிஜன் 95 காட்டுதே, ஆக்சிஜன் எதுக்கு?" தழும்பு விழுந்து தடித்த நுரையீரலில் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்க நேரம் பிடிக்கும். உட்கார்ந்திருந்தால் ரத்தம் நிதானமாக ஓடுகிறது, அந்த நேரம் கிடைத்துவிடுகிறது. நடந்தால் கிடைப்பதில்லை. ஆகவே நாற்காலியில் பார்த்த அளவோடு நிறுத்தாதீர்கள். குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் பாருங்கள். மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத, குளிர்ந்துபோகாத விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். உட்கார்ந்தபோது எவ்வளவு, நடந்ததும் எவ்வளவு, பழைய அளவுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் என்று மூன்றையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதிகம் மூச்சு வாங்க வைப்பது குளியல்தான். தலைக்கு ஊற்றக் கையைத் தூக்குவதும், குனிந்து கால் தேய்ப்பதும், துவட்டுவதும் அடுத்தடுத்து வருகின்றன. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, தண்ணீரை மற்றவர் ஊற்றலாம். துவட்டுவதற்குப் பதில் பெரிய டர்க்கி டவலைப் போர்த்திவிட்டால் ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜன் டியூபைக் கழற்ற வேண்டியதில்லை. அது கதவிடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சங்கம் இரவல் தரும் கருவிகள்: அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் மூன்று, பி-டைப் சிலிண்டர் நான்கு. "மெஷின் கெட்டுப்போச்சு" என்று வந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் மெஷினில் பழுதே இல்லை. ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கும், அல்லது மெஷினைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இன்னொன்று, ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலின் மூடி மரை கோணலாக ஏறி, காற்று அங்கேயே கசிந்துவிடும். சந்தேகம் வந்தால் மூக்கில் வைக்கும் முனையை டம்ளர் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வராவிட்டால் மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். பாட்டிலுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் போதும், தினமும் மாற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் தண்ணீர் டியூபில் ஏறும்.

மின்வெட்டுக் கணக்கைக் கரண்ட் போவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் காகிதக் கணக்கு 1800 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பும் பேட்டரியின் வயதும் கழித்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஃபேனும் டி.வி.யும் ஓடினால் அதுவும் இல்லை. அதற்குத்தான் சிலிண்டர். நிறைந்த பி-டைப்பில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். மீட்டர் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் மீதி லிட்டர் தெரியும்: 75 என்றால் 750. அது, நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் ஆறு மணி நேரம் வரும், 4 லிட்டர் போனால் மூன்று. வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. காய்ந்த மூக்குக்குத் தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். மருந்துக்கடையில் நீர் சேர்ந்த ஜெல் கிடைக்கும். சூடத்தட்டும் ஊதுபத்தியும் பத்தடிக்கு அப்பால் இருக்கட்டும். மாமியார்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நம்மோடு உள்ள சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. அவர்களில் பலருக்கு மருத்துவர் வைக்கும் ஆக்சிஜன் இலக்கு 88–92 தான். 98 பார்க்கும் ஆசையில் ஃப்ளோவைக் கூட்டினால் கரியமிலவாயு ரத்தத்தில் தேங்கலாம். காலைத் தலைவலியும் வழக்கமில்லாத தூக்கக்கலக்கமும் அதன் அடையாளங்கள்.

ஐ.எல்.டி.க்குத் தரும் பிர்பெனிடோன், நின்டெடானிப் மருந்துகள் இரண்டுமே தழும்பு பரவும் வேகத்தைக் குறைப்பவை. விழுந்த தழும்பை அழிப்பவை அல்ல. இதை முதல் நாளே புரியவைக்காததால் "இருமல் குறையவில்லை" என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் சாப்பாட்டோடு கொடுங்கள். முதலாவதைச் சாப்பிடுபவர் வெயிலில் போனால் தோல் சிவக்கும். இரண்டாவது வயிற்றுப்போக்கு தரும். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், அளவைக் குறைத்தோ வேறு மருந்து சேர்த்தோ சமாளிக்க வழி உண்டு. கல்லீரல் பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கஷாயக் குறிப்பு போடுவதை உறுப்பினர்கள் இனியாவது நிறுத்த வேண்டும்.

நோயின் நிலையை நோயாளியிடம் சொல்லலாமா என்பதை ஜனவரியில் விவாதித்தோம். மறைத்த வீடுகளில் ஆக்சிஜன் போட்டுக்கொள்ள மறுப்புத்தான் மிச்சம். அவருக்குத் தெரிந்திருந்தால்தான், திடீரென்று மோசமானால் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேட்க முடியும். அந்தப் பேச்சை ஐ.சி.யு. வாசலுக்குத் தள்ளாதீர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வரும் ஆண்டுக்கு இன்னொரு கான்சன்ட்ரேட்டர் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன். சிலிண்டர் சாவிகள் இரண்டு இன்னும் திரும்பவில்லை. சாவி இல்லாமல் நிறைந்த சிலிண்டரும் வெறும் இரும்புதான். வைத்திருப்பவர்கள் இன்றே கொடுத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு சாவியும் சிலிண்டரின் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டித்தான் வெளியே போகும்.

செயலாளர்