ஆய்வுக் கட்டுரைகளை எங்கள் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு நன்றி

திருகோணமலையிலிருந்து அன்பு வணக்கம்.

உயர்தர மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் முகநூல் குழுவில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று மாவட்டம் முழுவதும் இருந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். பலருக்குப் பக்கத்தில் நல்ல ரியூசன் கிடையாது. இரவு ஒரு கணக்கு பிடிபடாவிட்டால் கேட்பதற்கு இந்த இடம்தான். ஆனால் புதிதாக வந்த பிள்ளை ஒரு கேள்வி போட்டதும் யாராவது ஒருவர் "இது கூடத் தெரியாதா?" என்று எழுதிவிடுவார். அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, இதை ஏற்கனவே ஆராய்ந்தவர்கள் இருப்பார்கள், தேடிப் பார்ப்போம் என்று முன்வந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி கம்பஸில் படிக்கும் தம்பிக்கு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் ஒரு கட்டுரை காசு கேட்டால் அத்தோடு விட்டுவிடாமல், கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அழுத்தச் சொன்னவர் அவர்தான். பல நேரம் ஆய்வாளரின் சொந்தப் பக்கத்தில் இலவசப் பிரதி இருக்கும். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பிந்திய கட்டுரைகளையும் பார்க்கவைத்தார். பழைய முடிவை யாரும் பிறகு மறுத்தார்களா என்பது அங்கேதான் தெரியும். எங்குமே கிடைக்காத ஒன்றை எழுதியவரிடமே மின்னஞ்சலில் கேட்டோம். முன்பின் தெரியாத எங்களுக்கு உடனே அனுப்பிவைத்த அந்தப் பெருமனதுக்கும் நன்றி.

எங்களுக்குக் கைகொடுத்தது நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு. ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தின் அறிவியல் குழுவில் 2,190 உரையாடல்களை எடுத்து, சிலவற்றின் மேலே மட்டும் குழுவின் விதிகளை ஒட்டிவைத்தார்கள். எதில் ஒட்டுவது என்பதை ஆள் பார்த்துத் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் முறையில் விட்டார்கள். விதிகள் கண்ணில் பட்ட இடங்களில், புதியவர்கள் விதியை மதிப்பது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 சதவீதம் கூடியது. விதி போட்டால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். தன்னை யாரும் கேலி செய்ய விடமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேச்சு வரும் என்பது இப்போது விளங்குகிறது.

இந்த இடத்தில் கிண்ணியாவிலிருந்து உதவிய கணித ஆசிரியைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. மிஸ் முடிவுரையை மட்டும் படித்து விடுகிறவர் அல்ல. "அது ஒரு கோடிக்கு மேல் ஆட்கள் உள்ள குழு, எங்களுக்கும் பொருந்துமா என்று நாங்களே பார்க்க வேண்டும்" என்றார். ஒவ்வொரு புதிய கேள்விக்கும் ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டினார். தலை விழுந்தால் கேள்விக்குக் கீழே எங்கள் குறிப்பைப் போடுவோம்: "இங்கே எந்தக் கேள்வியும் கேட்கலாம். கேலிப் பதில் நீக்கப்படும். விடையை மட்டும் போடாமல் வழியையும் காட்டுங்கள்." குறிப்பு இருந்த இடங்களில் பதில்களின் தொனியே வேறாக இருந்தது. மூதூர்ப் பிள்ளை ஒருவர் எறியக் கணக்கொன்றைக் கேட்டபோது, மூன்று பேர் கொப்பியில் படிப்படியாகச் செய்து படமெடுத்துப் போட்டார்கள். இப்போது எல்லாக் கேள்விக்கும் அந்தக் குறிப்பு உண்டு.

ரியூசன் விளம்பரங்களை நீக்கும்போது காரணத்தையும் எழுதுவது இன்னோர் ஆய்வின் பயன். ஷாகுன் ஜாவர், ஏமி புருக்மன், எரிக் கில்பர்ட் மூவரும் 2019இல் ரெடிட்டில் கண்டது அது: காரணம் சொல்லி நீக்கினால், அடுத்த முறையும் நீக்கவேண்டி வருவது குறைகிறது. அந்த ஆங்கிலத்தை நல்ல தமிழில் சுருக்கித் தந்த அக்காவுக்கும், வேலை முடிந்து வந்த களைப்போடும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் காரணம் எழுதும் அட்மின் தம்பி தங்கைகளுக்கும் நன்றி.

தமிழ்ச் சுருக்கங்களை எல்லாம் ஒரே கோப்பாக வைத்திருக்கிறோம். மட்டக்களப்பிலோ மலையகத்திலோ இப்படி ஒரு குழு நடத்துகிறவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
குழு நிர்வாகிகள் சார்பில்