நகரக் குடும்ப மருத்துவர்கள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மூத்த மருத்துவப் பெருமக்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், "கிளம்பிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு இன்னும் கடைசி நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான சங்க நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள், சேர்ந்த மாதங்களில் கூட்டம் நடந்தது. மே 19, உலகக் குடும்ப மருத்துவர் தினத்தன்று பேருந்து நிலையத்தில் இலவச சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்தினோம். ஜூலை 1, டாக்டர் பி.சி. ராய் நினைவு மருத்துவர் தினத்தில் மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை அணிவிக்கப்பட்டது. மழைக்காலத்துக்கு முன் டெங்கு பற்றியும், தை முடிந்ததும் சிறுநீரகம் பற்றியும் கருத்தரங்குகள் நடந்தன. குடும்பச் சுற்றுலா ஏற்காட்டுக்கு. வந்தவர்கள் மகிழ்ந்தார்கள்.

கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்டதைக் கண்டித்து இந்திய மருத்துவச் சங்கம் அறிவித்த 24 மணி நேரப் புறநோயாளி சேவை நிறுத்தத்தில், ஆகஸ்ட் 17 அன்று நம் சங்கமும் கலந்துகொண்டது. ஒரு சில கிளினிக்குகளில் ஷட்டர் பாதி இறக்கப்பட்டு, உள்ளே விளக்கு எரிந்ததாகக் கேள்வி. அவசர நோயாளிகளாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கருத்தரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க இப்படிப்பட்ட கருத்தரங்குகளில் கிடைக்கும் கிரெடிட் மணி நேரம் ஐந்து ஆண்டில் 30 தேவை என்பதால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணிவிட்டுக் கூடத்தில் உள்ள தலைகளை எண்ணினால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணினால் அது மூன்றாவது கணக்கு. முன்பெல்லாம் தட்டுக்கான காசை மருந்து நிறுவனங்கள் கொடுத்தன. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நெறிமுறைகளை இறுக்கிய பிறகு, பரிசு, விருந்து, பயணம் எல்லாம் சுருங்கிவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை, நியாயமான மாற்றம்தான். அதன் பொருள் என்னவென்றால், இனி நாம் சாப்பிடும் பரோட்டாவுக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். சந்தாவைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி மருத்துவக் கழிவு ஏற்பாடு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். ஏனென்றால் செயற்குழுவிலேயே ஒரு மூத்த உறுப்பினர், "செயலாளர் நம்ம சங்கத்தைக் குப்பைச் சங்கமா ஆக்கிட்டார்" என்று சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. அவர் நேரிலேயே சொல்லியிருக்கலாம். அன்று கூட்டத்துக்கு வந்திருந்தால்.

நிலைமை இதுதான். நம்மில் பெரும்பாலோர் ஒற்றை அறை கிளினிக் வைத்திருப்பவர்கள். ஒரு மேஜை, ஒரு ஸ்கிரீன், பரிசோதனைக் கட்டில், வெளியே பெஞ்சு, டோக்கன் கொடுக்க ஒரு சிஸ்டர். ஆனால் 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் முந்நூறு படுக்கை மருத்துவமனைக்கும் நமக்கும் பொது. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், சிரிஞ்சும் கையுறையும் சிவப்புப் பையில், ஊசிகள், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், உடைந்த ஆம்பியூல் (ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பி) நீலப் பெட்டியில். இதில் யாருக்கும் மறுப்பில்லை. பஞ்சும் கட்டுத்துணியும் 48 மணி நேரத்துக்கு மேல் கிளினிக்கில் தங்கக் கூடாது என்பதும் விதி. சிக்கல் அங்கேதான். கழிவை எடுத்துப்போக வேண்டிய வண்டி நம் தெருக்களுக்கு வாரம் ஒருமுறை வந்தது. சில வாரம் வரவில்லை. சித்திரை வெயிலில் மஞ்சள் பை ஒரு வாரம் கிடந்தால் என்ன ஆகும் என்று மருத்துவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலி மினரல் வாட்டர் பாட்டிலில் ஊசிகளைப் போட்டு மூடி வைத்திருந்த கிளினிக்குகளை நானே பார்த்தேன்.

வண்டி நடத்துபவரிடம் தலைவரும் நானும் போய்ப் பேசினோம். அவர் மரியாதையாகவே பேசினார்: "டாக்டர், உங்க கிளினிக்ல மாசம் பூரா சேர்றது, ஒரு ஆஸ்பத்திரியோட ஒரு நாள் சரக்கு ஆகாது. சந்துக்குள்ள வண்டியத் திருப்புற டீசலுக்கே கட்டாது." அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஒரே தடத்தில் போதுமான கிளினிக்குகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் வண்டி வரும். ரயில்வே லைனுக்குக் கிழக்கே ஒரு தடம், மேற்கே ஒரு தடம் என்று வரைபடம் போட்டு, பிற்பகலில் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் நானும் இணைச் செயலாளரும் வீடு வீடாகப் போனோம்.

கையெழுத்து வாங்குவது ஊசி போடுவதை விடக் கடினம் என்று அப்போது தெரிந்தது. "மத்தவங்க போட்டா நானும் போடறேன்" என்றார்கள் பலர். எல்லோரும் இதையே சொன்னால் முதலில் போடுவது யார்? "எனக்கு இன்ஜெக்ஷனே கிடையாது, மாத்திரை மட்டும்தான்" என்றார் ஒருவர். அவர் மேஜைக்கு அடியில் இருந்த டிடி ஆம்பியூலைப் பார்த்தும் பார்க்காதது போல் எழுந்து வந்தேன். கிழக்குத் தடம் ஆடியில் தொடங்கியது. மேற்குத் தடம் இன்றுவரை போதிய ஆள் சேராமல் நிற்கிறது.

அடுத்தது அங்கீகார விண்ணப்பம். படுக்கை வசதி இல்லாத கிளினிக்குகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கழிவு அங்கீகாரம் ஒரே ஒரு முறைதான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. முறையாக நிரப்பிய விண்ணப்பத்தைக் கொடுத்து 90 நாளில் ஆட்சேபம் வராவிட்டால் அங்கீகாரம் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. இவ்வளவு எளிதான சலுகையை நம்மவர்கள் எப்படிச் சிக்கலாக்கினார்கள் என்றால், விண்ணப்பத்தில் படுக்கைகளின் எண்ணிக்கை கேட்ட இடத்தில் பரிசோதனைக் கட்டிலைக் கணக்கில் கொண்டு "1" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒன்றை எழுதியதும் அவர் படுக்கை வசதி உள்ள மருத்துவமனை ஆகிவிடுகிறார். அவரே ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கட்டிலில் யாரையும் படுக்க விட்டதில்லை. அப்படிப்பட்ட விண்ணப்பங்களைத் திருத்தி, சுய உறுதிமொழி இணைத்து மீண்டும் கொடுக்கச் சங்க அலுவலகத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் உதவி மேஜை போட்டோம். மேஜை இருந்தது, இரண்டு நாற்காலி இருந்தது, பெரும்பாலும் ஒரு நாற்காலியில் நான் இருந்தேன்.

அதே மேஜையில் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு, ஜூன் 30க்குள் தர வேண்டிய கழிவு ஆண்டறிக்கை, காசநோய் அறிவிப்புக்கான நிக்ஷய் அரசு இணையதளக் கணக்கு ஆகியவற்றுக்கும் உதவி செய்தோம். காசநோயை அறிவிப்பது 2012 முதலே தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். இரண்டு வாரம் இருமியவர் முதலில் வருவது நம்மிடம்தான். அறிவித்தால் 500 ரூபாய் ஊக்கத்தொகை வேறு உண்டு. அதைக் கேட்டுப் பெற்ற உறுப்பினர்களை விட, வங்கி விவரம் பதியச் சோம்பல்பட்டு விட்டவர்களே அதிகம்.

ஒரு பெரிய மருத்துவமனைக்கு இந்தக் காகிதங்களைப் பார்க்க ஓர் அலுவலரே இருப்பார். நமக்கு நாமேதான் மருத்துவர், மேலாளர், குமாஸ்தா. நம்மில் பெரும்பாலோர் பெரிய சங்கங்களிலும் உறுப்பினர்கள். அங்கே மருத்துவமனை உரிமையாளர்களும் சிறப்பு மருத்துவர்களும் பேசி முடித்து நம் முறை வருவதற்குள் தேநீர் வந்துவிடும். இந்தச் சங்கத்தைத் தனியாக வைத்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். அதைக் குப்பைச் சங்கம் என்றால் அப்படியே இருக்கட்டும்.

சட்டம் தொடர்பானவை. மருத்துவர் தினமான 2024 ஜூலை 1 அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 304ஏ பிரிவில் கவனக்குறைவால் மரணம் என்றால் சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. புதிய 106ஆவது பிரிவில் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதமும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, அதாவது மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கும் முன் காவல்துறை வேறொரு தகுதிவாய்ந்த மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும், வழக்கமான பாணியில் உடனே கைது செய்யக் கூடாது என்பதை, ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

பெண் உறுப்பினர் ஒருவரின் கிளினிக்கில், டோக்கன் வரிசையை மீறி உள்ளே நுழைந்தவர்கள் கண்ணாடிக் கதவை உடைத்தார்கள். அவர் இரவே தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் காலை தலைவரும் பொருளாளரும் நானும் அவருடன் காவல் நிலையம் போனோம். 2008ஆம் ஆண்டின் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தில், ஜாமீனில் விட முடியாத குற்றம் இது என்று நகலை எடுத்துக் காட்டிய பிறகே புகார் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது. பின்னர் எதிர்த்தரப்பு மன்னிப்புக் கேட்டு, கதவுக்குப் பணம் கட்டியது. மேற்கொண்டு போவதா வேண்டாமா என்பதை அந்த டாக்டர் அம்மாவின் விருப்பத்துக்கே விட்டோம். அதே தெருவில்தான் நாளைக்கும் அவர் கிளினிக் நடத்த வேண்டும்.

போலி மருத்துவர்கள் குறித்து மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுத்தோம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஓராண்டு சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்றெல்லாம் இருக்கிறது. மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு மறுநாளே ஆட்டத்துக்கு அனுப்புபவர்களுக்குத்தான் நம் ஊரில் கைராசிப் பெயர்.

தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீட்டுக்குக் குழுவாகச் சேர முயன்றோம். 1995இல் வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கும் ஒவ்வொரு மருத்துவரும் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டார். வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் போன்றோர் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்து மறைந்தார்கள். நாமும் அப்படி இருக்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள், தப்பில்லை. ஆனால் அதே மக்கள் கையில் வழக்கறிஞர் நோட்டீசும் இருக்கிறது. குழுக் காப்பீட்டுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை. முயற்சி நிற்கிறது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக: வரவுக்குள் செலவை அடக்க முயன்றோம், பெரும்பாலும் முடிந்தது. வங்கி இருப்பு சென்ற ஆண்டை விடக் குறைவு, ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. கருத்தரங்குச் சாப்பாடு, உதவி மேஜைக்கான நகல் செலவு, ஏற்காடு பேருந்து ஆகியவை எதிர்பார்த்ததை விடச் சற்றுக் கூடின. தணிக்கையாளர் கேட்ட இரண்டு ரசீதுகள் தேடப்பட்டு வருகின்றன.

சந்தா. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலர் போன ஆண்டும் கட்டவில்லை. பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும், பொருளாளருக்கும் தெரியும். ஆண்டுச் சந்தா, நம் கிளினிக்கில் ஒரு மாலை நேர வசூலை விடக் குறைவு. நான் வருத்தப்படுவது பணத்துக்காக மட்டுமில்லை. மேற்குத் தடத்துக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனபோது "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்த அதே நண்பர்கள், ஆய்வு நோட்டீஸ் வந்த அன்று இரவு பத்து மணிக்கு, "சார், நம்ம சங்கத்துல ஏதாச்சும் பண்ண முடியுமா" என்று கேட்டார்கள். பண்ணினோம். அவர்களில் யாரும் அதற்குப் பிறகும் சந்தா கட்டவில்லை. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் மட்டும் தவறாமல் வருகின்றன.

இளம் மருத்துவர்கள் சேராதது வேறு கதை. எம்.பி.பி.எஸ். முடித்ததும் முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார்கள். பொது மருத்துவம் என்பது இடம் கிடைக்காதவர் செய்வது என்ற எண்ணம். வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பு போன்றவை இருப்பதைச் சொல்லி இரண்டு இளைஞர்களைச் சேர்த்திருக்கிறோம். இருவரும் சந்தா கட்டியிருக்கிறார்கள்.

தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும், துணைத் தலைவர்களின் ஆலோசனைக்கும், பொருளாளரின் பொறுமைக்கும், என்னோடு வெயிலில் அலைந்த இணைச் செயலாளருக்கும், கருத்தரங்குகளில் உரையாற்றிய சிறப்பு மருத்துவர்களுக்கும், கூடம் தந்த ஓட்டல் நிர்வாகத்துக்கும், சனிக்கிழமைகளில் என்னை வீட்டில் எதிர்பார்க்காத என் குடும்பத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு மேற்குத் தடம் தொடங்க வேண்டும், காப்பீட்டுக் குழு அமைய வேண்டும். ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால் பக்கத்துக் கிளினிக் மருத்துவர் மாலை ஒரு மணி நேரம் போய் உட்காரும் ஏற்பாட்டையும் செய்து பார்க்க ஆசை. இதற்கெல்லாம் இளைய, சுறுசுறுப்பான செயலாளர் ஒருவர் தேவை என்று செயற்குழுவில் மூன்று முறை சொல்லிவிட்டேன். எனக்கும் முழங்கால் வலி. பதவிக்கு ஆசைப்பட்டு நான் இங்கே நிற்கவில்லை. வேட்புமனுப் படிவம் தலைவரிடம் இருக்கிறது. இந்த அறிக்கையை எழுதும் வரை யாரும் வாங்கவில்லை. இன்றும் யாரும் முன்வராவிட்டால், பொதுக்குழு வற்புறுத்தும் பட்சத்தில், பரிசீலிக்கிறேன். ஆனால் மேற்குத் தடத்தின் கையெழுத்துத் தாள் முதலில் நிரம்ப வேண்டும். தாளை வலதுபுற முதல் வரிசையிலிருந்து சுற்றுக்கு விட்டிருக்கிறேன், பேனாவும் கட்டியிருக்கிறது.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் அமர்ந்திருப்பார். ஜிபே செய்பவர்களுக்கு க்யூஆர் அட்டையும் ஒட்டப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்