ஒரே மாத்திரைக்கு எத்தனை கட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தோம். பழைய பேப்பர்க்காரரின் தராசில் நாற்பத்தேழு கிலோ தாள் ஏறியது. அத்தனையும் மருந்து அனுமதி விண்ணப்பங்களின் கழிவுப் பிரதிகள்: தவறாக அச்சானவை, பக்க எண் பிசகியவை, அட்டை போட்ட பிறகு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று முதலாளியிடம் கேட்டு நான்தான் எடுத்து வந்திருந்தேன். என் பிள்ளைகள் இருவரும் பத்தாம் வகுப்பு வரை கணக்குப் போட்டுப் பழகியது அவற்றின் பின்பக்கத்தில்தான். பேப்பர்க்காரர் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே புத்தகம் மாதிரி இருக்கிறதே அம்மா, எதற்கு இத்தனை?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக எந்த அதிகாரியும் கேட்காத கேள்வி. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் டி.பார்ம் படித்தவள். கப்பலூர்ப் பக்கம் ஒரு சிறிய மாத்திரை ஆலையில் 1991 முதல் 2022 வரை வேலை பார்த்தேன். முதல் ஆறு ஆண்டுகள் பரிசோதனைக் கூடம். பிறகு ஆவணப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும் தாளில் துளையிடும் இயந்திரமும். ஒரு மருந்தை ஓர் ஊரில் விற்க வேண்டுமானால் அதில் என்ன இருக்கிறது, எப்படிச் செய்கிறோம், எப்படிச் சோதிக்கிறோம், எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதையெல்லாம் தாளில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டுக்கு எங்கள் தொழிலில் டோசியர் என்று பெயர்.

தராசில் ஏறும் முன் எண்ணிப் பார்த்தேன். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், சர்க்கரை நோய்க்கான சாதாரண மாத்திரை, ஐந்து விதமான கட்டுகளில் இருந்தது. மாத்திரை ஒன்று, செய்முறை ஒன்று, அடைக்கும் அலுமினியத் தகடுகூட ஒன்றுதான். ஆனால் ஒன்றில் செய்முறை முன்னால் நின்றது. இன்னொன்றில் உரிம நகல்களும் இயந்திரப் பட்டியலும் தாண்டித்தான் மாத்திரையே வரும். காலாவதித் தேதிக்கு ஆதாரமான அட்டவணை ஒரு கட்டில் 40ஆம் பக்கம், ஒரு கட்டில் 212ஆம் பக்கம், மற்றொன்றில் இரண்டாகப் பிய்ந்து இரண்டு பின்னிணைப்புகளில் கிடந்தது. மாத்திரையைப் பற்றிய ஒரு வரிகூட மாறவில்லை. என் கண் பவர் மட்டும் ஒவ்வொரு கட்டுக்கும் கொஞ்சம் ஏறியது.

இந்தத் தொல்லையைப் பெரிய நாடுகளும் பட்டிருக்கின்றன. ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா ஆகியவற்றின் மருந்து அதிகாரிகளும் தொழில்துறையினரும் 1990 ஏப்ரலில் பிரஸ்ஸல்ஸில் கூடி ஐ.சி.எச். என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2000 நவம்பரில்தான் விண்ணப்பத்துக்கு ஒரு பொது வரிசையை ஒத்துக்கொண்டார்கள். பொதுத் தொழில்நுட்ப ஆவணம் என்று தமிழில் சொல்லலாம். தொழிலில் இருப்பவர்களுக்கு சி.டி.டி. என்றால்தான் புரியும். 2003 ஜூலையில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அது கட்டாயமாயிற்று. எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது அடுத்த ஆண்டு, ஓர் ஏற்றுமதி முகவர் அனுப்பிய மங்கலான ஜெராக்ஸாக.

அதில் ஐந்து பகுதிகள். முதலாவது அந்தந்த நாட்டின் சொந்தப் படிவம், சான்றிதழ், லேபிள். அது இடத்துக்கு இடம் மாறிக்கொள்ளலாம். இரண்டாவது சுருக்கம். மூன்றாவது தரம். நான்காவது விலங்குகளில் செய்த சோதனை, ஐந்தாவது மனிதர்களில் செய்தது. மெட்ஃபார்மின் போன்ற பழைய மருந்துக்கு நான்காவதில் ‘பொருந்தாது’ என்று ஒற்றைத் தாள் வைப்போம். ஐந்தாவதில், முதன்முதலில் சந்தைக்கு வந்த நிறுவனத்தின் மருந்தோடு ஒப்பிட்டு இரத்தத்தில் அளந்த ஆய்வு இருக்கும். எங்களைப் போன்ற ஆலைகளுக்குப் பிழைப்பே மூன்றாம் பகுதியில்தான். அதற்குள் 3.2.எஸ் என்றால் மூலப்பொருள், 3.2.பி என்றால் அதிலிருந்து செய்த மாத்திரை. பி.1 கலவை, பி.3 தயாரிப்பு, பி.4 மருந்தல்லாத சேர்மானப் பொருள்கள், பி.5 சோதனை, பி.7 அடைக்கும் பொருள், பி.8 கெடாமல் நிற்கும் காலம்.

மதுரைக்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. மேல மாசி வீதி என்றால் கோயிலுக்கு எந்தத் திசை, உள்ளிருந்து எத்தனையாவது சுற்று என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் வெளியூர்க்காரரும் பிடித்துக்கொள்வார். 3.2.பி.8 அப்படியொரு விலாசம். எந்த நாட்டு அதிகாரி கட்டைத் திறந்தாலும் காலாவதி ஆதாரத்துக்கு அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். தென்கிழக்காசிய நாடுகள் மட்டும் இதையே நான்கு பாகமாக மாற்றி வைத்திருக்கின்றன. தரம் அங்கே இரண்டாம் பாகம். மாத்திரையை 30 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துச் சோதித்த கணக்கையும் கேட்பார்கள். மியான்மருக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பியபோது, அந்தக் கணக்கு ஏற்கெனவே கையில் இருந்ததால், அடுக்கை மாற்ற அரை நாள்தான் ஆயிற்று.

சி.டி.டி. வழிகாட்டியை எழுதியவர்கள் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தாள் ஏ4 அளவிலும் அச்சாக வேண்டும், அமெரிக்காவில் புழங்கும் சற்றே அகலமான, குட்டையான தாளிலும் அச்சாக வேண்டும். பைண்டிங்கில் எழுத்து மறையாதபடி இடது ஓரத்தில் போதிய இடம் விட வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் படித்தபோது சிரித்தேன். சில மாதங்களில், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பைண்டிங்குக்குக் கொடுத்த கட்டு ஒன்றில் தையல் உள்ளே போய் இடது ஓர எழுத்துகளை விழுங்கிவிட்டது. அந்த ஓரத்தில் இருந்தவை பேட்ச் எண்கள், அதாவது ஒரே தடவையில் தயாரித்த ஒவ்வொரு தொகுதியின் எண். ஆப்பிரிக்க நாடொன்றின் அதிகாரி, எந்த பேட்சின் அளவு இது என்று கேட்டு எழுதினார். அந்தக் கேள்வியைப் பிழை சொல்ல முடியவில்லை. முந்நூறு பக்கங்களும் மறுபடி அச்சாயின. பின்பக்கத்தில் கணக்குப் போடப்பட்டது என்று சொன்னேனே, அதில் கணிசம் இந்தக் கட்டுதான்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும்தான் அடிப்படை. புது மருந்துக்கு அனுமதி தருவது டெல்லி. அனுமதி பெற்று நான்கு ஆண்டுகள் கழிந்தால் பெரும்பாலும் அது புது மருந்தாக எண்ணப்படுவதில்லை. அதன்பின் உற்பத்தி உரிமம் மாநிலத்தின் கையில். டெல்லிக்கு 2019ஆம் ஆண்டு விதிகளின் சி.டி.-21 படிவம், மாநிலத்துக்குப் பெரும்பாலான மாத்திரைகளுக்குப் படிவம் 24. படிவம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். அதன் பின்னால் கோக்கும் தாள்களில்தான் கூத்து. எங்கள் முதலாளிக்கு வேறொரு மாநிலத்திலும் சிறிய ஆலை இருந்தது. இங்கே ஒப்புக்கொண்ட அதே தாள்களை அங்கே கொண்டுபோனால், இந்த வரிசையில் இல்லையே என்றார்கள். வரிசையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

2013இல் ஒரு விண்ணப்பத்துக்கு ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. “சமர்ப்பித்த ஆவணங்கள் முழுமையாக இல்லை. உரிய விவரங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.” இவ்வளவுதான். எது முழுமையாக இல்லை? முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை நானும் பரிசோதனைக் கூடத்துப் பெண்ணும் இரண்டு நாள் சல்லடை போட்டோம். கடைசியில் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயில் ஏறினேன். காலையில் போய் நின்றால், நான் தேடிய அதிகாரி விடுப்பு. மறுநாள் அவர் வந்து கட்டைப் புரட்டி, “மூலப்பொருள் சோதனைச் சான்று இல்லை” என்றார். நான் 187ஆம் பக்கத்தை விரித்துக் காட்டினேன். “இங்கே வைத்தால் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். அவர் மேசையில் என் கட்டு மாதிரி அறுபது கட்டுகள், அறுபதும் அறுபது வரிசையில்.

அதே ஆண்டு வெளிநாட்டு அலுவலகம் ஒன்றிலிருந்தும் கேள்வி வந்தது. 3.2.பி.8.3, இரண்டாவது பேட்ச், ஒன்பதாம் மாதம்: மாத்திரை கரையும் அளவுக்குச் சராசரி மட்டும் தந்திருக்கிறீர்கள், ஆறு மாத்திரைகளின் தனித்தனி அளவு வேண்டும். கூடத்துப் பதிவேட்டைத் திறந்து எழுதிக் கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கேள்வி கடுமையானதுதான், கேட்டவர் என் கட்டைப் படித்திருந்தார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதி வந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். மத்திய அனுமதிகளுக்கு ‘சுகம்’ தளம் 2015இலேயே வந்துவிட்டது. மாநில உரிமங்களுக்கும் தேசிய அளவில் ஒரு தளம் இருக்கிறது. பெட்டி தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவது குறையும், நல்லது. ஆனால் முந்நூறு பக்கங்களை ஸ்கேன் செய்து ‘இதர ஆவணங்கள்’ என்று ஒரே கோப்பாக ஏற்றினால், பரணில் கிடந்த கட்டு கணினிக்குள் போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

என் அண்ணன் மகள் ஹைதராபாத்தில் இதே வேலையை மின்னணு முறையில் செய்கிறாள். அமெரிக்காவில் புது மருந்து, பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து விண்ணப்பங்களுக்கு 2017 மே முதல் அந்த முறைதான் கட்டாயம். ஒவ்வோர் ஆவணமும் தனிக் கோப்பு, அதன் எண்ணுக்குரிய இடத்தில். பிறகு ஒரு தாள் மாறினால் அந்த ஒரு கோப்பை மட்டும் ‘மாற்று’ என்று குறித்து அனுப்பினால் போதும்; பழையதும் அழியாமல் பின்னால் நிற்கும். கோப்பின் உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் கணினி கண்டுபிடித்துவிடுமாம். “அத்தை, எங்களுக்கு பைண்டரே கிடையாது” என்று பீற்றிக்கொள்கிறாள். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தால் அவளும் அலுவலகத்தில்தான் இருக்கிறாள்.

எங்கள் ஊர்ச் சிறிய ஆலைகளுக்கு அந்த மென்பொருளெல்லாம் இப்போது வேண்டாம். 2023 டிசம்பரில் மருந்து ஆலைகள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் திருத்திய அட்டவணை ‘எம்’ வந்ததிலிருந்து கட்டடம், காற்று, பதிவேடு என்று அவர்கள் செய்துகொண்டிருக்கும் செலவே போதும். நான் கேட்பது செலவில்லாத காரியம். டெல்லிக்குப் போனாலும் மாநிலத்துக்குப் போனாலும் மருந்தின் தரம் பற்றிய தாள்கள் மட்டும் 3.2 வரிசையிலேயே இருக்கட்டும் என்று விதியில் ஓர் இணைப்பு சேர்க்க வேண்டும். பழைய, சாதாரண மருந்துக்குச் சில எண்களுக்கு நேரே ‘பொருந்தாது’ என்று எழுத அனுமதி வேண்டும். ஐ.சி.எச். அமைப்பில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பார்வையாளராக அமர்ந்திருக்கிறது. இந்த வரிசை அவர்களுக்குப் புதிது அல்ல. எல்லாவற்றையும்விட, அலுவலகத்திலிருந்து வரும் கேள்விக் கடிதத்தில் எந்த எண்ணில் குறை என்று எழுதியாக வேண்டும். எண் இல்லாத கேள்விக்குப் பதில் தரத் தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்தால் என் ஆயுள் கொஞ்சம் கூடும். ஓய்வு பெற்றும் மூன்று ஆலைகள் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகின்றன.

தாள் ஒழுங்கானால் மருந்து ஒழுங்காகிவிடுமா என்று என் கணவரே கேட்டார். ஆகாது. 2025இல் நம் மாநிலத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அதில் இருந்தது. இருமல் மருந்துகளில் கரைப்பானாகச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்காலில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பீப்பாயைத் தொட வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் ஆறு ஆண்டுகள் நின்றவள் என்பதால் சொல்கிறேன்: சோதிக்காமல் விட்டதை எந்தப் படிவமும் சோதித்துவிடாது. பொய்யாக எழுதுபவன் சரியான எண்ணின் கீழேயே பொய் எழுதுவான். ஆனால் அந்தக் கரைப்பானின் சோதனைக்கு பி.4 என்று ஒரு வீடு ஒதுக்கியிருந்தால், அந்த வீடு காலியாக இருப்பது தெருவில் போகிற எவருக்கும் தெரியும். முந்நூறு பக்கக் குவியலில் ஒரு தாள் இல்லாததை யார் கண்டுபிடிப்பது? ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும் ஆலைக்குள் நுழைந்ததும் எந்தப் பதிவேட்டை முதலில் கேட்பது என்று தெரிந்திருக்கும்.

தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. எந்த எண்ணில் எதை வைக்க வேண்டும் என்ற விளக்கமாவது தமிழில் கிடைக்க வேண்டும். ஆலைகளில் தாள் கோப்பது பெரும்பாலும் என்னைப் போல் டிப்ளமோ படித்த பெண்கள்தான். நான் வேலையில் இருந்தபோது எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்காக எஸ்.1 முதல் பி.8 வரை நான்கு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதன் நகல் மட்டும் தராசுக்குப் போகாமல் அலமாரியில் இருக்கிறது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் பயன்படும் என்றால் அனுப்பி வைக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் மோசம். இரண்டாம் பக்கத்தின் மூலையில் காபிக் கறை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவணப் பிரிவு ஊழியை,
திருநகர், மதுரை.