பண்டிகைக் கால எஸ்எம்எஸ் அனுப்பப்போகும் கடைக்காரர்களுக்கு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். தீபாவளி விலைக்கழிவு எஸ்எம்எஸ் அனுப்பமுதல் இவற்றைப் பாருங்கள்.

பில் கூடிவரக் காரணம் பெரும்பாலும் தமிழ் எழுத்துக் கணக்குத்தான். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ், சிங்களத்துக்கு 70 மட்டுமே. அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரித்துக் கட்டணம் விழும். புள்ளி, கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும்: 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து, நெட்வேர்க்குக்கு 7. ஆங்கிலச் செய்தியில் ஒரேயொரு இமோஜி போட்டாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும். வேர்டில் இருந்து கொப்பி பண்ணும்போது வரும் வளைந்த மேற்கோள்குறியும் இதே வேலையைச் செய்யும், கண்ணுக்கும் தெரியாது.

கடைப் பெயரில் போகும் மாஸ்க் (இலக்கத்துக்குப் பதிலாக அனுப்புநராகத் தெரியும் பெயர்) 11 எழுத்துக்குள் இருக்கவேண்டும். அதற்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. ஆகவே 'வேண்டாமென்றால் பதில் அனுப்புங்கள்' என்று எழுதுவதில் பயனில்லை. அழைக்க ஒரு இலக்கம் கொடுங்கள்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரச் செய்திக்கு வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்கிறது. பில் புத்தகத்தில் இலக்கம் இருப்பது சம்மதம் ஆகாது. விலைக்கு விற்கும் பட்டியல்கள் பக்கமே போகவேண்டாம்.

தொலைபேசி இலக்கங்களை எக்செலில் போட்டால் அது முன் பூச்சியத்தை விழுங்கிவிடும். இலக்கங்களை 94இல் தொடங்கி மொத்தம் 11 இலக்கமாக வைத்திருங்கள்.