இரண்டு ரூபாய்த் தீப்பெட்டி

கோவில்பட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. போனில் பேசும்போதெல்லாம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு நாள் நீ ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய், மறுநாள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால்தான் கடிதம். சாவகாசமாகப் படி.

கார்த்திகையன்று உங்கள் பால்கனியில் விளக்கேற்றத் தீப்பெட்டி கேட்டேன். வீட்டில் இல்லை என்று ஒரு நீல நிற லைட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாய். அகலில் திரி படிந்து கிடக்கும். லைட்டரைக் கவிழ்த்தால்தான் நெருப்பு அதில் படும். கவிழ்த்தால் சுடர் மேலேறிக் கட்டைவிரலைச் சுடும். மூன்றாவது விளக்கிலேயே எனக்குச் சுட்டுவிட்டது. நீ ஓடிவந்து என் கையைத் தண்ணீரில் பிடித்தாய். "ஒரு தீப்பெட்டி வாங்கி வைக்கக் கூடாதா பாப்பா? நம்ம ஊர்ச் சாமான்தானே" என்றேன். "அந்த வேலை ஒழிஞ்சா நல்லதுதானேம்மா. உன் கையைப் பாரு" என்றாய்.

நான் பேசாமல் இருந்துவிட்டேன். நீ சொன்னதில் பாதி உண்மை.

பத்து வயதில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, நம் ஊர்ப் பேச்சில் ஆபீசுக்கு, வேலைக்குப் போனவள் நான். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் பஸ் வந்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்குகிற வேலை. காடி வெட்டிய சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து, சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு இறுக்க வேண்டும். அந்தக் கட்டையைத்தான் முதலில் மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்குவார்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது அப்படித்தான். பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவது ஒழிந்ததில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வேலைக்கு வைத்தால், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. நீ அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை.

ஆனால் இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? என் வயசுப் பெண்கள். புருஷனை இழந்தவர்கள், இடுப்பு வலியால் நூறு நாள் வேலைக்கு மண் சுமக்க முடியாதவர்கள். நம்முடையது மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழை தப்பினால் உளுந்தும் இல்லை, பாசியும் இல்லை. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பயிரைக் கருக்கிய வெயில் குச்சியைக் காயவைக்க உதவியது. அப்படித்தான் இந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது. உன் அப்பா போன பிறகு நம் வீட்டில் எரிந்ததும் அப்படித்தான். பகலில் ஆபீஸில் பெட்டி அடைத்தேன், ராத்திரி கிழங்கு மாவுப் பசை காய்ச்சி வீட்டில் பெட்டி ஒட்டினேன். நீ அடுக்கிக் கொடுத்திருக்கிறாய், மறந்திருக்க மாட்டாய். அடைக்கும்போது நாங்கள் குச்சியை எண்ண மாட்டோம். ஒரு பிடி அள்ளினால் போதும், கைக்கே கணக்குத் தெரியும். நீ பாவப்பட்ட அந்தக் கைதான் உன் காலேஜ் பீஸைக் கட்டியது.

இப்போது விலைக் கணக்கைப் பார். 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. பதினாலு வருஷம் விலை ஏறாத வேறு சாமான் ஒன்று உன் வீட்டில் இருந்தால் சொல். ஏற்றியபோதும் 36 குச்சியை 50 ஆக்கித்தான் ஏற்றினார்கள். இதற்குள் சீனாவிலிருந்து பத்து ரூபாய் லைட்டர் வந்து குவிந்துவிட்டது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியை ஒழிக்கிறது என்று முதல்வர் ஸ்டாலினே 2022இல் மத்திய அரசுக்கு எழுதினார். இருபது பெட்டி போனால் அடைக்கிறவளுக்கு மட்டும் நஷ்டமில்லை. குச்சி வெட்டுகிறவர், மருந்து முக்குகிறவர், வீட்டில் பெட்டி ஒட்டுகிறவள், பண்டல் கட்டுகிறவள், லாரியில் ஏற்றுகிறவர் எல்லோருக்கும் அன்றைய கூலியில் கொஞ்சம் போகிறது. எரிந்த குச்சி சாம்பலாகிவிடும். வாயு தீர்ந்த லைட்டரை நீ எங்கே போடுவாய்?

எல்லாப் பழியையும் லைட்டர் மேல் போடவில்லை. கேஸ் அடுப்பு வந்ததும் தீப்பெட்டிச் செலவு குறைந்தது. அடுப்பைத் தட்டிப் பற்றவைக்கிற லைட்டர் வசதிதான், அதை நானும் வைத்திருக்கிறேன். மிஷின் வந்தும் பல கைகளுக்கு வேலை போனது. ஆனால் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, நம் ஊருக்குள்ளேயே போனது.

பக்கத்து ஒட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினாரே, வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் தருகிறோம் என்றது. குடை வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர்களுக்கும் வீட்டில் என்ன கஷ்டமோ. ஆனால் நீ அந்த நிலையில் இல்லையே, பாப்பா. பத்து ரூபாய் உனக்கு ஒரு டீக்காசு.

20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாதென்று 2023இல் அரசு தடை போட்டது. உதிரி பாகமாக வந்ததையும் 2024இல் தடுத்தார்கள். நம் பக்கத்துச் சங்கங்கள் பல வருஷம் மனுக் கொடுத்து நடந்ததன் பலன். ஆனாலும் உன் வீட்டுக்கு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறதே. கடைக்காரர் கேட்கிற சாமானைத்தான் தொங்கவிடுவார்.

வாங்குகிற எல்லாமே உள்ளூர்ச் சாமானாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் போனும் கம்ப்யூட்டரும் எங்கே செய்தது என்று நான் கேட்கமாட்டேன், அதில் உனக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். வழி இருக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, இதை யார் செய்தது என்று பார். துண்டு, ஜமுக்காளம், ஊதுபத்தி, தீப்பெட்டி என்று இந்த மாதிரிச் சின்னச் சாமான்களில்தான் நம் ஆட்களின் பிழைப்பு இருக்கிறது.

உங்கள் தெருமுனையில் இருக்கிற அண்ணாச்சி கடையில் விசாரித்தேன், அவரும் நம் பக்கத்துக்காரர்தான். உள்ளே பண்டல் வைத்திருக்கிறார், யாரும் கேட்காததால் வெளியே வைப்பதில்லையாம். ஒரு பண்டல் வாங்கு. அடுப்பு மேடையில் வைக்காதே, நமுத்துவிடும். பேரன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு வை. லேபிளில் என்ன படம், எந்த ஊர் என்று அவனைப் படிக்கச் சொல்லிப் போனில் என்னிடம் சொல்லச் சொல். கழுகுமலை என்று இருந்தால் உடனே சொல்லு. உன் சித்தி இப்போது அங்கேதான் அடைக்கிறாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கட்டைவிரல் ஆறிவிட்டது.

அம்மா