பெயர்கள் கல்லில் ஏறிவிட்டன, குரல்கள் இன்னும் நாடாவில்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஆன்மிகப் பணி செய்யும் சாப்ளின்களாக இருந்த பெண்களின் குரல்கள் பதிந்த பழைய கேசட்டுகளைக் காப்பாற்ற உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் பேராயர் பாரி ரோஜர்சன் 32 பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். இங்கிலாந்து திருச்சபையில் அதுவே முதல் முறை. அகரவரிசையில் முதலில் நின்றவர் அப்போதைய பிரிஸ்டல் பல்கலைக்கழகச் சாப்ளின் ஆஞ்சலா பெர்னர்ஸ்-வில்சன். 1979இல் டீக்கனஸ் (குருப்பட்டம் இல்லாத பெண் ஊழியர்), 1987இல் டீக்கன் (குருவுக்கு முந்தைய படிநிலை). குருவாக 15 ஆண்டுகள் காத்திருந்தார். பின்னர் பாத் பல்கலைக்கழகத்திலும் சாப்ளினாக இருந்தார்.

அந்நாளின் நினைவாகப் பேராலயத்தில் வைத்த கல்லில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. 32 பெண்களின் பெயர்களோடு புதிய கல் 2022இல்தான் வந்தது. குரல்களுக்கும் அந்தக் கதி நேரக்கூடாது என்றுதான் கேட்கிறோம்.

டீக்கனாக இருக்கும் சாப்ளின் மாணவருக்கு ஆறுதல் சொல்லலாம், பிரசங்கிக்கலாம், அடக்க ஆராதனை நடத்தலாம். திருவிருந்தில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பிரதிஷ்டை செய்ய முடியாது. அதற்கு வெளியிலிருந்து ஓர் ஆண் குருவை அழைக்க வேண்டும். அந்த ஏற்பாடு நடந்த விதத்தையும், அது ஒரே நாளில் மாறியதையும் பெண் சாப்ளின்கள் சொல்லியிருக்கும் 46 கேசட்டுகள் எங்களிடம் உள்ளன. மொத்தம் ஏறக்குறைய 60 மணி நேரம்.

கேசட்டுக்குள் நாடாவை, டெக்கில் ஒலியைப் படிக்கும் தலைப்பகுதியோடு அழுத்திப் பிடிப்பது நகக்கண் அளவு கம்பளித் துண்டு ஒன்றுதான். பசை காய்ந்து அது விழுந்தால் சத்தம் கம்மிப்போகும். பலர் நாடாவே கெட்டுவிட்டது என்று தூக்கி எறிவது இதனால்தான். துண்டை மாற்றி ஒட்டினால் குரல் திரும்பிவிடும். 120 நிமிட நாடாக்கள் மிக மெல்லியவை, வேகமாகச் சுற்றினால் இழுபட்டு அறுந்துவிடும். ஒவ்வொரு நாடாவுக்கும் தலைப்பகுதியின் சாய்வைத் திருத்தாவிட்டால் மெய்யெழுத்துகள் மழுங்கிவிடும். 90 நிமிட நாடாவைக் கணினிக்கு மாற்ற 90 நிமிடம் ஆகியே தீரும், குறுக்குவழி கிடையாது. எம்பி3 ஆகச் சுருக்காமல் 24 பிட் வேவ் கோப்பாக வைத்து, மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வைப்போம்.

செலவு: நாடா ஒன்றுக்கு 20 பவுண்டு வீதம் 920. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது பிடிக்கும். அதற்குப் பேச்சு மணி ஒன்றுக்கு 90 வீதம் 60 மணிக்கு 5,400. கேசட் டெக் பழுதுபார்ப்புக்கும் கணினிச் சேமிப்புத் தட்டுகளுக்கும் 480. ஆக 6,800 பவுண்டு. எழுத்தாக்கத்தில் சிக்கனம் பார்க்க எங்களுக்கு மனமில்லை. தேட முடியாத ஒலிப்பதிவை யாரும் கேட்கமாட்டார்கள்.

பிரிட்டனில் வரி கட்டுபவர்கள் கிஃப்ட் எய்ட் படிவமும் தந்தால் உங்கள் 20 பவுண்டோடு அரசு 5 பவுண்டு சேர்க்கும். பணம் தருபவரே தம் பெயரில், வீட்டு முகவரியோடு நிரப்ப வேண்டும். அலுவலக முகவரி செல்லாது.

பேசியவரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாத எதையும் வெளியிடமாட்டோம். மாணவர்கள் அந்தரங்கமாகச் சொன்னவை பொதுப் பிரதியிலிருந்து நீக்கப்படும்.

இத்தகைய நாடா உங்களிடமும் இருந்தால் வீட்டு டெக்கில் ஓட்டிப் பார்க்காமல், உறையில் எழுதியிருப்பதை அழிக்காமல், அப்படியே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் குழு